குண்டு ஏரியோடு போகாமல் இருக்க: சால்மன் டவுன்ரிக்கருக்கு அதிர்வு தாங்கும் ரப்பர், முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அண்ணன் மகன், பெட்டியிலிருந்து சாக்லேட்டுக்கு முன்பாக எடுத்து நீட்டியது ஒரு சாண் நீளத்துக்கு அறுந்து கிடந்த எஃகுக் கம்பி. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறான். நண்பனோடு சேர்ந்து சிறிய மோட்டார் படகு ஒன்று வாங்கி, கோடையில் ஒன்டாரியோ ஏரியில் சால்மன் மீன் பிடிக்கப் போகிறான். தூண்டில் இரையை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் என்ற கருவியின் கம்பி அது. "இதன் முனையில் நாலரை கிலோ ஈயக் குண்டு இருந்தது சித்தப்பா. இப்போது ஏரியின் அடியில் இருக்கிறது. ஒரே பருவத்தில் மூன்றாவது குண்டு."

கடையில் சொன்னார்கள் என்று இன்னும் தடித்த கம்பி மாற்றியிருக்கிறான். அதுவும் அறுந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியில் 44, 48 எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் பக்கத்தில் முப்பது ஆண்டு லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டையும் ரப்பர் புஷ்ஷும் மாற்றியவன் நான். சால்மனை உயிரோடு பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கம்பியின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் நோய் புரிந்துவிட்டது. பாரம் தாங்காமல் அறுந்த கம்பி அது இல்லை. மொபெட்டின் கிளட்ச் கம்பி முனைக் குமிழுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக விட்டு, ஒருநாள் மொத்தமாகக் கையோடு வருமே, அதே அறுபடல். திரும்பத் திரும்ப விழுந்த வெட்டிழுப்பு, அதாவது தளர்ந்த கம்பி சட்டென்று விறைக்கும் இழுப்பு. அதற்குத் தடித்த கம்பி மருந்தாகாது. நடுவில் நெகிழும் ஒன்று வேண்டும்.

அவன் திரும்பிப் போவதற்குள் வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நாங்கள் செய்து பார்த்ததையும், கோடை முழுக்க அவன் ஏரியில் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் படகு வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும். தூண்டிலையே தொடாதவர்களுக்கும், ரப்பர் எங்கே வேலை செய்யும், எங்கே ஏமாற்றும் என்பது பிடிபடும்.

டவுன்ரிக்கர் என்றால் என்ன

வடஅமெரிக்காவின் பேரேரிகளுக்கு பசிபிக் சால்மன் வந்தேறி. 1966-இல் மிச்சிகன் மாநிலம் கோஹோ வகைக் குஞ்சுகளை விட்டது. அடுத்த ஆண்டு சினூக் வகை. இன்று ஒன்டாரியோ ஏரியில் தூண்டில்காரர்கள் தேடிப் போவது பெரும்பாலும் சினூக்கைத்தான். பத்து கிலோவுக்கு மேலும் வளரும், பிடிபட்டதும் நூறு மீட்டர் ஓடும் மீன்.

இந்த மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி செல்சியஸ். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடுவதால் இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே பொய்யிரையைக் கொண்டுபோய், படகு மெல்ல நகர நகர அதே ஆழத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தூண்டில் நரம்பிலேயே ஈயம் கட்டினால், மீன் மாட்டிய பிறகும் அந்த ஈயத்தைச் சேர்த்தே இழுக்க வேண்டியிருக்கும். அதனால் ஈயத்துக்குத் தனி வடம், தனி ராட்டினம். படகின் விளிம்பில் பொருத்திய ராட்டினத்திலிருந்து ஒரு நீளக் கை வெளியே நீண்டிருக்கும். அதன் நுனிக் கப்பி வழியாக வடம் இறங்கும். வட முனையில் நாலு முதல் ஏழு கிலோ வரை குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்கு அருகே ஒரு ரிலீஸ் கிளிப்பில் கவ்வவிட்டு இரண்டையும் சேர்த்து இறக்குவார்கள். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அப்புறம் மீனும் தூண்டிலும் மட்டும்தான். குண்டுக்கு அதில் பங்கில்லை.

எங்கள் தாத்தா காலத்துக் கவலை ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மேலே உருளை, கீழே சால், நடுவில் வடம். வடம் எப்போதும் சாலுக்குப் பக்கத்தில்தான் தேயும்.

வெட்டிழுப்பு எங்கே பிறக்கிறது

நான்கு சமயங்களில். அலையில் படகு தூக்கிப் போடும்போது கை மேலே போகிறது, குண்டு தன் கனத்தால் அங்கேயே நிற்கப் பார்க்கிறது, வடம் விறைக்கிறது. அடுத்த நொடி படகு இறங்க, வடம் தளர்ந்து மறுபடி விறைக்கிறது. ஒரு காலைப்பொழுதில் இது ஆயிரக்கணக்கான முறை. இரண்டாவது, குண்டை மளமளவென்று இறக்கி பிரேக்கைப் பட்டென்று போடும்போது. மூன்றாவது, மேலே ஏற்றும்போது குண்டு கப்பியில் போய் முட்டும்போது. நான்காவது, குண்டு அடித்தரையில் பாறையையோ மூழ்கிய மரத்தையோ கவ்வும்போது. நான்காவதற்கு ரப்பர் போதாது, பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆழத்தில் இருக்கும்போதுதான் ஆபத்து என்று தோன்றும். நீளமான வடம் தானே கொஞ்சம் நீளும். நீரும் குண்டின் ஓட்டத்தைத் தடுக்கும். குண்டு நீர்மட்டத்துக்கு வந்து, ஒரு மீட்டர் வடத்தில் காற்றில் தொங்கி ஆடும் அந்த அரை நிமிடம்தான் கொலைகாரன். என் அண்ணன் மகனுக்கு மூன்று குண்டுகளில் இரண்டு போனது படகை ஒட்டியேதான்.

திண்ணையில் போட்ட கணக்கு

நாலரை கிலோ குண்டு, தளர்ந்த வடத்தில் 30 சென்டிமீட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பான கம்பி அதை ஒரே சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டால், நிறுத்தும் விசை சராசரியாகக் குண்டின் எடையைப்போல் 31 மடங்கு. அதாவது 140 கிலோ அளவு. வழக்கமாகப் போடும் 150 பவுண்ட் கம்பியின் முழுத் தாங்குதிறனே 68 கிலோதான். அறுந்ததில் என்ன வியப்பு?

அதே குண்டை 25 சென்டிமீட்டர் நீண்டு கொடுத்து நிறுத்தினால் சராசரி விசை பத்து கிலோதான். ரப்பர் நீள நீளத்தான் இறுக்கம் ஏறும் என்பதால் உச்சத்தில் இருபது கிலோ வரை போகும். கம்பிக்கு அது தூசு. கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது பயல் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் இருநூறு டாலருக்குப் புதுக் கம்பி வாங்கியது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

இந்தக் கணக்கிலிருந்தே ரப்பரின் அளவும் கிடைத்துவிடுகிறது. குண்டை மாட்டி அசையாமல் தொங்கவிட்டால் 5 முதல் 6 சென்டிமீட்டர் நீள வேண்டும். அதற்கு மேல் அதிர்ச்சிக்கென்று ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கையிருப்பு இருக்க வேண்டும். லாரிப் பட்டைக்கும் இதுதான் நியதி. காலி வண்டியில் கொஞ்சம் அமுங்கியிருக்க வேண்டும், முழுப் பாரத்தில் தரை தட்டக் கூடாது. தொங்கவிட்டதுமே இருபது சென்டிமீட்டர் நீண்டுவிடும் மெல்லிய ரப்பரும், அரை சென்டிமீட்டர்கூட அசையாத தடித்த ரப்பரும் ஒன்றுதான். இரண்டுமே இல்லாததற்குச் சமம்.

வாங்குவதா, செய்வதா

இந்த ரப்பரைக் கடையில் ஸ்னப்பர் என்ற பெயரில் விற்கிறார்கள். ரப்பர்க் குழாய் அல்லது நீண்டு சுருங்கும் கயிறு, இரு முனையிலும் கொக்கி. நல்லவைதான். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ரப்பருக்குள்ளோ பக்கத்திலோ தளர்வாக ஒரு உறுதியான கயிறு ஓடுகிறதா? ரப்பர் என்றைக்காவது அறுந்தே தீரும். அன்றைக்குக் குண்டைப் பிடிப்பது அந்தக் கயிறுதான். உள்கயிறு இல்லாத ஸ்னப்பரை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள்.

நாங்கள் செய்தோம். பொருள்களுக்காக எங்கும் அலையவில்லை. பழைய பேட்டையில் பஞ்சர் கடையில் தூக்கிப்போட்டிருந்த கார் ட்யூப் ஒன்று. 250 பவுண்ட் தாங்கும் பின்னல் கயிறு, அவன் கொண்டுவந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கண்ணி வளையம் இரண்டு. மெழுகு தேய்த்த தடித்த நைலான் நூல். சுழலியும் பூட்டுக் கொக்கியும் தலா ஒன்று, படகுக் கடைச் சரக்கு.

ட்யூப் ஏன் என்று கேட்கலாம். சிறுவயதில் உண்டிவில்லுக்கு நாங்கள் தேடித் திரிந்தது பழைய சிவப்பு ட்யூப். அது இயற்கை ரப்பர். இழுத்துவிட்டால் வாங்கிய விசையை அப்படியே திருப்பிக் கொடுக்கும். உண்டிவில்லுக்கு அதுதான் வேண்டும். குண்டுக்கு அது வேண்டாம். இழுத்த வேகத்தில் திரும்ப எகிறினால், ஒரு அதிர்ச்சி இரண்டாகும். இப்போது வரும் கறுப்பு ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். அது சோம்பேறி. நீளும், ஆனால் மெல்லத்தான் திரும்பும். வாங்கிய விசையில் ஒரு பங்கைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி உருட்டித் தரையில் போட்டுப் பாருங்கள். சிவப்பு துள்ளும். கறுப்பு தொப்பென்று உட்காரும். அந்த தொப்பென்ற சத்தத்துக்குத்தான் பஞ்சர் கடைக்குப் போனேன்.

செய்முறை

ட்யூபின் மடிப்பு, ஒட்டு, வால்வு எதுவும் இல்லாத பகுதியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள்; ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் நீளம். கத்தரிக்கோலால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ஓரத்தில் பல் பல்லாக வந்தால் அந்தப் பல்லிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். எங்கள் முதல் பட்டை அப்படித்தான் போனது. இரண்டாவது முறை கண்ணாடிமேல் வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் வெட்டினோம்.

முதலில் இரண்டு பட்டைகளை மட்டும் அடுக்குங்கள். ஒவ்வொரு முனையையும் கண்ணி வளையத்தின்மேல் மடித்து, மடித்த வாலை மெழுகு நூலால் சுற்றிக் கட்டுங்கள். உண்டிவில்லில் ரப்பரைக் கவட்டையோடு கட்டுவது போலத்தான்: ரப்பரை இழுத்து மெலிய வைத்துக்கொண்டு நூலைச் சுற்ற வேண்டும், விட்டதும் ரப்பர் தடித்துத் தானே நூலை இறுக்கிக்கொள்ளும். ஒரு விரல் அகலத்துக்குச் சுற்று. இரண்டு கட்டுகளுக்கும் நடுவே சுதந்திரமாக நீளக்கூடிய ரப்பர் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

இப்போது குண்டை மாட்டித் தொங்கவிட்டு அளவெடுங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் நீண்டால் சரி. அதிகம் நீண்டால் மூன்றாவது பட்டையைச் சேருங்கள். குறைவாக நீண்டால் பட்டையின் அகலத்தைக் குறையுங்கள். ட்யூபுக்கு ட்யூப் தடிமன் மாறும் என்பதால், எங்களுக்கு எத்தனை பட்டை வந்தது என்று சொல்வதில் பயனில்லை. அளவுகோல் சொல்வதைக் கேளுங்கள். ஐந்தரை கிலோ குண்டு போடுபவர் ஐந்தரை கிலோவைத் தொங்கவிட்டே அளக்க வேண்டும்.

அளவு சரியான பிறகுதான் காப்புக் கயிறு. பின்னல் கயிற்றை இரண்டு மடிப்பாக எடுத்து, ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்கு, ரப்பரைவிட 25 சென்டிமீட்டர் அதிகமாக விட்டுக் கட்டுங்கள். ரப்பர் 25 சென்டிமீட்டர் நீண்டதும் கயிறு விறைத்து, இனிமேல் போகாதே என்று தடுக்கும். அதற்கும் முன்பே விறைத்தால் ரப்பருக்கு வேலை இல்லாமல் போகும். விறைக்காமலே இருந்தால் ரப்பர் எல்லை தாண்டி நீண்டு கிழியும். தளர்ந்த கயிறு எங்கும் சிக்காமல் இருக்க, மெல்லிய துணி உறை ஒன்று தைத்து மேலே போட்டோம். என் மனைவி தைத்தாள். பழைய ரவிக்கைத் துணி. கிளிப்பச்சை. சால்மனுக்குப் பிடிக்குமா என்று கேட்டாள்.

மேல் வளையத்தில் சுழலி, கீழ் வளையத்தில் பூட்டுக் கொக்கி. செய்முறை அவ்வளவுதான்.

கிணற்றில் ஒரு சோதனை

காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துக் கிணறு அறுபதடி. சகடை இன்னும் இருக்கிறது. ஈயக் குண்டு ஊரில் இல்லை. கருங்கல்லைக் கட்டலாம் என்றான் பயல். கிருஷ்ணகிரியில் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஆனால் நாலரை கிலோ கருங்கல் நீரில் மூழ்கினால் மூன்று கிலோவுக்கும் கீழே வந்துவிடும். ஈயம் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் இழக்கும். ஏரியில் ஈயத்தைக் கட்டுவது இதனால்தான். சோதனை காற்றில்தானே என்று மளிகைக் கடையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல் வாங்கி வந்தோம்.

சகடையிலிருந்து ஒரு மீட்டர் எஃகுக் கம்பி. அதற்கு மேலே, மின்சார ஃபியூஸ் போல, 40 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு ஒரு சாண். விசை நாற்பதைத் தாண்டினால் நரம்பு அறும்; தாண்டாவிட்டால் நிற்கும். எடைக்கல்லுக்குத் தனியாக ஒரு தளர்ந்த கயிறு. மளிகைக்காரருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கல்லை 30 சென்டிமீட்டர் தூக்கிக் கீழே விட்டோம். ரப்பர் இல்லாமல்: முதல் முறையே டப்பென்று அறுந்து, நரம்பின் நுனி சாட்டை போல மேலே பறந்தது. நாங்கள் முகத்தை விலக்கி வைத்திருந்தோம். நீங்களும் விலக்கி வையுங்கள். ரப்பரோடு: கல் இறங்கி, ஒரு முறை மேலே வந்து, அரைகுறையாக இன்னொரு முறை ஆடி நின்றது. நரம்பு அப்படியே இருந்தது. பத்து முறை போட்டோம். அடுத்துப் பட்டைகளில் ஒன்றைப் பாதி வெட்டிவிட்டுப் போட்டோம். அது கிழிந்தது, காப்புக் கயிறு பிடித்தது. இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் எந்த ஸ்னப்பரையும் படகுக்கு ஏற்றாதீர்கள்.

படகில் பொருத்துவது

பழைய கம்பியின் கடைசி ஒன்றிரண்டு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்குங்கள். அடிபட்டதெல்லாம் அந்தப் பகுதிதான். வெறும் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், பிரிந்த இழை ஊசியாகக் குத்தும். துணியைச் சுற்றி இழுத்தால் நார் மாட்டும் இடம் தெரியும். புது முனையைக் கண்ணி வளையம் வைத்து மடித்து, இரண்டு உலோகக் குழாய்களை நசுக்கி முடியுங்கள். கம்பிக்குப் பதிலாகப் பின்னல் கயிற்றை வடமாக வைத்திருப்பவர்கள் முடிச்சு இறுகுமுன் நீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த முடிச்சு உரசிச் சூடாகி வலுவிழக்கும்.

வரிசை இது: வட முனை, சுழலி, ரப்பர், பூட்டுக் கொக்கி, குண்டு. ரிலீஸ் கிளிப்பை ரப்பருக்கு மேலே வடத்திலும் மாட்டலாம், கீழே குண்டிலும் மாட்டலாம். ரப்பரின் நடுவில் மட்டும் மாட்டாதீர்கள்; கிளிப்பின் பல் ரப்பரைத் தின்றுவிடும்.

ரப்பர் சேர்ந்ததும் குண்டு முன்பைவிட ஒன்றரைச் சாண் கீழே தொங்கும். மின்சார டவுன்ரிக்கரில் தானாக நிற்கும் வசதி இருந்தால், நிறுத்தக் குறிப்பைப் புது நீளத்துக்கு மாற்றி அமையுங்கள். இல்லையென்றால் ஸ்னப்பரின் சுழலி கப்பிக்குள் இழுபட்டு நசுங்கும். பயல் அங்கே போனதும் முதல் நாளே இதைச் செய்து ஒரு சுழலியைத் தொலைத்தான். தொலைபேசியில் நான் சொல்லியிருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இறக்குவதும் ஏற்றுவதும்

தொப்பூர் கணவாயில் லாரி இறக்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேலேயே கியரைக் குறைத்துப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வேகமெடுக்கவிட்டு, வளைவில் பிரேக்கை நம்பினால் வண்டி நம்மைக் கேட்காது. குண்டும் அப்படித்தான். பிரேக்கை முழுவதும் விடாமல், நொடிக்கு அரை மீட்டருக்குள் இறக்குங்கள். தூண்டில் நரம்பு குண்டைச் சுற்றிச் சிக்குவதும் இதனால் குறையும். வேண்டிய ஆழத்துக்கு ஒரு மீட்டர் முன்பே பிடியை இறுக்கத் தொடங்கி மெதுவாக நிறுத்துங்கள். ரப்பர் இருக்கிறதே என்று மளமளவென்று விடுபவர், ஷாக் அப்சார்பர் புதிது என்று வேகத்தடையில் பறப்பவரின் தம்பி.

ஏற்றும்போது கடைசி இரண்டு மீட்டரை மெல்ல. குண்டு நீருக்கு வெளியே வந்ததும் அலை அதை ஊசலாட்டும். ஆடும் குண்டைக் கையால் எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள், விரல் எலும்புக்கும் படகின் பக்கச் சுவருக்கும் நடுவில் நாலரை கிலோ. குண்டின் காதில் ஒரு மெல்லிய இழுப்புக் கயிறு நிரந்தரமாகக் கட்டி வைத்தால், அதைப் பிடித்துப் படகுப் பக்கம் இழுக்கலாம்.

தூண்டில் பக்கத்துக்கு ரப்பர் வேண்டுமா

இங்கேதான் எனக்கும் அங்கிருக்கும் சில தூண்டில்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு. ஒரு இடத்தில் ரப்பர் நல்லது செய்தால் எல்லா இடத்திலும் மாட்டிவிட வேண்டும் என்ற ஆசை வரும். மீனை ஈர்க்கக் கட்டும் பளபளக்கும் தகட்டுக்கும் பொய்யிரைக்கும் நடுவே மாட்டச் சின்ன ரப்பர் விற்கிறார்கள். கோகனீ என்ற சிறிய ஏரிச் சால்மனுக்கு அது சரி. அதன் வாய் மெல்லியது, வெட்டிழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். சினூக்குக்கு வேண்டாம். தகடு சுழன்று பொய்யிரைக்குக் கொடுக்கும் துடிப்பை ரப்பர் விழுங்கிவிடும். முள் ஆழமாகப் பதிவதற்கும் இழுப்பின் கூர்மை வேண்டும்.

சினூக் பக்கத்தில் அதிர்ச்சி தாங்க மூன்று பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். முதலாவது கம்பு: எட்டரை, ஒன்பதடி நீளத்தில் நுனி வளையும் கம்பாக இருக்கட்டும். அதை வில்லாக வளைத்துத் தாங்கியில் நிறுத்துவார்கள்; கிளிப்பிலிருந்து விடுபட்டதும் நுனி நிமிர்ந்து தளர்வை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது நரம்பு: 20, 25 பவுண்ட் சாதாரண நைலான் நரம்பே நன்றாக நீளும். பின்னல் நூலை ரீலில் போட்டிருப்பவர்கள், அது நீளாது என்பதால், முன்பக்கம் பத்துப் பதினைந்து மீட்டர் நைலான் நரம்பைச் சேர்க்க வேண்டும். வழுக்கும் பின்னல் நூலைக் கிளிப்பும் சரியாகக் கவ்வாது.

மூன்றாவது ஆள் ரீலின் டிராக், அதாவது இழுப்பு மிஞ்சினால் நரம்பை நழுவவிடும் பிரேக். நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 20 பவுண்டுக்கு ஐந்து பவுண்ட், அதாவது இரண்டேகால் கிலோ. கண்மதிப்பு வேண்டாம். நரம்பின் நுனியைத் தொங்கு தராசில் மாட்டி, கம்பை வளைத்து இழுத்து, ரீல் எந்த எடையில் நழுவுகிறது என்று பார்த்து வையுங்கள். இறுக்கமான டிராக்கோடு பத்து கிலோ மீன் முதல் ஓட்டம் ஓடினால் எந்த ரப்பரும் காப்பாற்றாது.

குண்டு அடியில் சிக்கினால்

முன்பு பின்னால் சொல்கிறேன் என்றது இது. படகு நகர்ந்துகொண்டிருக்கும்போது குண்டு பாறையில் மாட்டினால், படகு முழுவதும் அந்த வடத்தில் தொங்குகிறது. ரப்பர் தன் 25 சென்டிமீட்டரையும் ஒரு நொடிக்குள் கொடுத்துத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு டவுன்ரிக்கரின் கை வளையலாம், அதன் அடித்தகடு பிய்ந்து வரலாம், சிறிய படகின் பின்பக்கம் நீர்மட்டத்துக்குத் தாழலாம். செய்ய வேண்டியது ஒரே வரிசைதான்: எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், ராட்டினத்தின் கிளட்ச்சைத் தளர்த்தி வடத்தை ஓடவிடுங்கள், படகைச் சிக்கிய இடத்துக்கு மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கத்திலிருந்து தூக்குங்கள். வராவிட்டால் வெட்டுங்கள். வெட்டுக்குறடு கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் இல்லை.

இதற்காகத்தான் கிளட்ச்சை எப்போதும் முழுவதும் இறுக்கக் கூடாது. குண்டின் எடையைத் தாங்க வேண்டும். வடத்தைக் கையுறையோடு பலமாக இழுத்தால் நழுவ வேண்டும். அந்த இடத்தில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள்.

ஊரில் இதைக் கேட்ட ஒருவர், ஒகேனக்கல்லில் பரிசலில் மாட்டிப் பார்க்கலாமா என்றார். வட்டப் பரிசலுக்கு விளிம்பில் ஒரு பக்கம் குண்டு இழுத்தால் அது முதலில் தட்டாமாலை சுற்றும். கீழே முழுக்கப் பாறை இடுக்கு. முதல் ஐந்து நிமிடத்தில் குண்டு காவிரிக்குச் சொந்தம். ஆழமும் பரப்பும் உள்ள ஏரிக்கான கருவி இது.

பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டியவை

ரப்பருக்கு வெயில் எதிரி, எண்ணெய் அதைவிடப் பெரிய எதிரி. பியூட்டைல் ரப்பர் பெட்ரோல், டீசல், கிரீஸ் பட்டால் ஊறி வீங்கித் தளர்ந்துவிடும். எஞ்சினைத் தொட்ட கையோடு ஸ்னப்பரைத் தொடாதீர்கள். மாலையில் கழற்றி, நல்ல நீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். படகிலேயே வளைத்து இழுத்துக் கட்டி வைத்துவிட்டு வந்தால், ஒரே குளிர்காலத்தில் வளைந்த இடத்தில் வெடிப்பு விழும்.

மாதத்துக்கு ஒருமுறை உறையைத் தள்ளி, ரப்பரை இழுத்துப் பிடித்து ஓரங்களைப் பாருங்கள். இழுக்கும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும். குண்டைத் தொங்கவிட்டு நீளத்தை மறுபடி அளந்து, முதல் நாள் அளவோடு ஒப்பிடுங்கள். ஆறு சென்டிமீட்டர் எட்டாகியிருந்தால் ரப்பருக்கு ஓய்வு கொடுங்கள். காப்புக் கயிறும் வளையத்தில் உரசும் இடத்தில் பஞ்சு பஞ்சாக வந்தால் மாற்ற வேண்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். மேல்பூச்சு உரிந்த குண்டுக்குப் பெயின்ட் அடியுங்கள்.

ஆறு ஸ்னப்பர் கட்டிக் கொடுத்தனுப்பினேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடியதில் அவன் ஒரு குண்டையும் இழக்கவில்லை. அலை நாட்களில் மீனே இல்லாமல் கிளிப் தானாக விடுபடுவதும் குறைந்தது என்கிறான். நான்கு நன்றாக இருக்கின்றன. ஒன்று நண்பனோடு போய்விட்டது. இன்னொன்றைத் தபாலில் எனக்கு அனுப்பி வைத்தான். பிரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கீறல் இல்லை. கண்ணி வளையத்தில் மடியும் இடத்தில் மட்டும் மயிரிழை வெடிப்புகள், மேல் முனையில் மூன்று, கீழ் முனையில் ஏழு. வளையம் சிறியது, ரப்பர் அங்கே கூர்மையாக மடிகிறது. அடுத்த பொங்கலுக்கு வருபவனிடம் ஒரு அளவு பெரிய வளையம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கட்டியிருப்பவர்கள், வளையத்தின்மேல் ஒரு சுற்று ட்யூப் தோலைப் போர்த்திவிட்டுப் பட்டையை மடியுங்கள்.